முழங்கால் உயரம், 45 டிகிரி வெயில்: எந்தப் பூச்செடியை நம்பலாம்?

பாலைவன வெயிலில், முழங்காலுக்கு மேல் வளராமல், ஒருமுறை நட்டால் சில ஆண்டுகளாவது பூக்கிற செடி வேண்டும். கேட்பது அவ்வளவுதான். ஆனால் நர்சரியில் போய் நின்றதும் குழப்பம் தொடங்கிவிடுகிறது. கையில் எடுக்கிற ஒவ்வொரு தொட்டியிலும் 'முழு வெயில்', 'வறட்சி தாங்கும்' என்றே எழுதியிருக்கும். மிதமான ஊரின் முழு வெயில் வேறு, நிழலிலேயே 45 டிகிரி காட்டும் இடத்தின் முழு வெயில் வேறு. அட்டையை எழுதியவர் பெரும்பாலும் முதல் வகையைத்தான் மனதில் வைத்திருப்பார்.

சிலவற்றில் மண்டல எண் போட்டிருப்பார்கள். அமெரிக்க வேளாண் துறை வகுத்த அந்த எண், குளிர்காலத்தின் கடுங்குளிரில் செடி பிழைக்குமா என்பதை மட்டுமே சொல்லும். கோடையைப் பற்றி அதில் ஒன்றுமே கிடையாது. வெயிலுக்கென்றே அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் தனி வரைபடம் ஒன்றை வெளியிட்டது. ஆண்டில் எத்தனை நாள் 30 டிகிரியைத் தாண்டுகிறது என்று கணக்கிட்டு 12 மண்டலங்களாகப் பிரித்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அந்தக் கணக்கில் 31 டிகிரியும் ஒரு நாள், 46 டிகிரியும் ஒரு நாள். பாலைவனத்தில் தோட்டம் போடுகிறவருக்கு அந்தப் பதினைந்து டிகிரியில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆகவே அட்டையை விட்டுவிட்டு, வேறு இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்கலாம். கோடை உச்சத்தில் இரண்டு மாதம் பூ இல்லாவிட்டால் பரவாயில்லையா? அந்த மாதங்களில் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கொடுக்க முடியும்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதிச் செடிகள் தாமாகவே பட்டியலிலிருந்து போய்விடும். நிறம், மணம் எல்லாம் அப்புறம்.

கோடையில் பூ ஏன் நிற்கிறது

வெயில் ஏற ஏற, தண்ணீரை இழக்காமலிருக்கச் செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, உணவு தயாரிப்பு குறையும். நீராவி வெளியேறாததால் இலையும் சூடேறும். இரவிலாவது குளிர்ந்தால் நிலைமை கொஞ்சம் சீராகும். ஆனால் இரவு வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில், பகலில் சேர்த்த கொஞ்ச உணவையும் செடி சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது. பூவுக்கு மிச்சம் இருப்பதில்லை.

இதைச் செடிகள் சமாளிக்கும் விதத்தை வைத்துத்தான் நான் அவற்றைப் பிரிக்கிறேன். வட அமெரிக்கப் பாலைகளிலும் வறண்ட சரிவுகளிலும் பிறந்தவை, வேலையைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும். வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை, வேரில் ஈரம் இருக்கும்வரை வெயிலிலும் பூத்துத் தள்ளும். சதைப்பற்றுள்ளவை, தண்ணீரை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். மூன்றும் நல்ல வழிகள்தான். மூன்றையும் ஒரே பாத்தியில், ஒரே சொட்டுநீர்க் குழாயில் மாட்டினால்தான் கஷ்டம்.

காத்திருக்கும் கூட்டம்

இதில் முதலில் சொல்ல வேண்டியது ஏஞ்சலிடா டெய்சி. தாவரவியல் பெயர் டெட்ராநியூரிஸ் அகாலிஸ். புல் போன்ற ஒல்லி இலைகள், 30 சென்டிமீட்டருக்குள் அடங்கும் கொத்து, அதன் மேல் மஞ்சள் பூக்கள். இதன் பெரிய பலம், பூக்கும் காலத்தின் நீளம். உறைபனி அதிகம் இல்லாத தாழ்நிலப் பாலைத் தோட்டங்களில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஒன்றிரண்டாவது பூத்துக்கொண்டிருக்கும். கோடையில் எண்ணிக்கை குறையும், ஆனால் அடியோடு நிற்காது. வாடிய பூத்தண்டுகளை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்த குச்சிகள் பூவை மறைத்துவிடும். மேற்கு பார்த்த சுவருக்கு முன்னால், மாலை வெயில் நேராக அடித்து, சுவரும் இரவெல்லாம் அனல் கக்கும் இடத்தில் வைக்கத் துணியக்கூடிய மிகச் சில குட்டைச் செடிகளில் இதுவும் ஒன்று.

அடுத்தது பிளாக்ஃபுட் டெய்சி, அதாவது மெலம்போடியம் லூகாந்தம். 30 சென்டிமீட்டர் உயரம், அதைப் போல இருமடங்கு அகலம், வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை வெள்ளைப் பூ. பக்கத்தில் போனால் தேன் மணம் வரும். சுண்ணாம்பு மண்ணை இது வெறுமனே தாங்குவதில்லை, அங்கேதான் பிறந்தது. சுக்கான்பாறை மண்ணைச் சபிக்கிறவர்களுக்கு இது ஆறுதல். ஏஞ்சலிடாவோடு ஒப்பிட்டால், அழகில் இதுதான் ஒரு படி மேல் என்பேன். தாங்கும் சக்தியில் ஏஞ்சலிடா முந்தும். மண்ணில் ஈரம் நின்றால் பிளாக்ஃபுட் ஒரே வாரத்தில் போய்விடும், முன்னறிவிப்பும் தராது. வடிகால் நன்றாக இருந்தால்கூடச் சில ஆண்டுகள்தான் ஆயுள்.

ஆயுள் என்றதும் பெய்லியா மல்டிரேடியேட்டாவைச் சொல்லியாக வேண்டும். பாலைவனச் சாமந்தி என்று அழைக்கலாம். வெள்ளிச் சாம்பல் நிற இலை, நீண்ட காம்பில் எலுமிச்சை மஞ்சள் பூ. இலையில் இருக்கும் மென்மயிர்தான் வெயிலைத் திருப்பியனுப்புகிறது. பல்லாண்டுச் செடி என்று விற்றாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் ஒரே செடி நீடிப்பது அரிது. ஆனால் விதை உதிர்த்துத் தானே முளைத்துக்கொண்டே போகும், அதனால் பாத்தி காலியாகாது. எங்கே முளைக்கும் என்பது மட்டும் நம் கையில் இல்லை. செடி நட்ட இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஆடு வளர்ப்பவர்களும் தள்ளி வைப்பது நல்லது, ஆடுகளுக்கும் செம்மறிகளுக்கும் இது நஞ்சு.

பென்ஸ்டிமோனை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பதே ஒரு கேள்வி. பென்ஸ்டிமோன் பாரியில் இளஞ்சிவப்பும், ஈட்டோனியில் பளிச்சென்ற சிவப்புமாகப் பூக்கும். இலைக்கொத்து தரையோடு அடங்கி இருந்தாலும், பூத்தண்டு மட்டும் இடுப்பளவுக்கு எழும்பும். குளிர் முடியும் தருவாயிலும் வசந்தத்திலும் சில வாரங்கள் அமர்க்களம், பிறகு கோடை முழுக்க இருக்கும் இடம் தெரியாது. அந்தச் சில வாரங்களுக்காக நான் இடம் ஒதுக்குவேன். ஆனால் வாசலில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில் வைக்க மாட்டேன்.

டாமியானிட்டா தடித்த குட்டைப் புதர், இலையைக் கசக்கினால் நெடி வரும், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மஞ்சளாகப் பூக்கும், வெயிலுக்கு அஞ்சாது. கிளாண்டுலேரியா குடிங்கி ஊதா நிறத்துக்காக வைப்பது, இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். மஞ்சள் பூக்கள் ஏற்கெனவே மிகுந்துவிட்ட பாத்தியில் அந்த ஊதா நன்றாக எடுபடும்.

வெயிலில் பூக்கும் கூட்டம்

நித்தியகல்யாணியைத் தெரியாதவர் கிடையாது. மடகாஸ்கரிலிருந்து உலகமெங்கும் பரவிய இந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. 40 டிகிரிக்கு மேலும் நிற்காமல் பூக்கும் என்பதால், பாலைவனத் தோட்டத்துக்கு இதுவே போதுமே என்று தோன்றும். பாதி உண்மைதான்.

சிக்கல் மண்ணில் இருக்கிறது. நித்தியகல்யாணிக்குப் பிடித்தது சற்றே அமிலத்தன்மையுள்ள மண், பிஎச் 5.5 முதல் 6 வரை. பாலைவன மண்ணோ பல இடங்களில் 8ஐத் தாண்டும். அந்தக் கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அங்கே பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி காத்திருக்கும். மஞ்சள் இலைக்கு மருந்து தண்ணீர் அல்ல, இடிடிஎச்ஏ வகை இரும்புக் கலவை. கடையில் அதிகம் கிடைப்பது இடிடிஏ வகை, அது காரத்தன்மை மிகுந்த மண்ணில் சீக்கிரமே செயலிழந்துவிடும். வாங்கும்போது அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள்.

ஆகவே நித்தியகல்யாணியைத் தரையில் வைப்பதைவிட, நல்ல மட்கிய உரம் கலந்த தொட்டியில் வைப்பதே மேல். சுக்கான்பாறை நிலத்தில் பிளாக்ஃபுட் டெய்சியோடு அதைப் போட்டிக்கு விட்டால், முதல் கோடையில் நித்தியகல்யாணி ஜெயிக்கும், மூன்றாவது கோடையில் பிளாக்ஃபுட்தான் நிற்கும்.

குட்டை ரூயெல்லியா, 'கேட்டி' என்ற பெயரில் விற்பது, 30 சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஊதாப் பூச்செடி. கோடையில்தான் இதன் காலம். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், மாலை நிழல் இருந்தால் இலை கருகாது. இதே ரூயெல்லியா சிம்ப்ளெக்ஸ் இனத்தின் நெட்டை வகை விதையாலும் வேராலும் கண்டபடி பரவக்கூடியது, எனவே குட்டை ரகம்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

லந்தானாவைப் பற்றி எனக்கு இரண்டு மனது. வெயில் தாங்குவதில் அதை அடிக்க ஆளில்லை. மேற்குச் சுவர், கான்கிரீட் ஓரம் எதுவானாலும் பூக்கும். ஆனால் நம் உன்னிச்செடியான லந்தானா கமாரா, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் இருக்கிறது. தவழும் வகையான மான்டேவிடென்சிஸ் உயரத்தில் குட்டை, அகலத்தில் அல்ல. ஒன்றரை மீட்டர் படர்ந்துவிட்டு அதைச் 'சிறு செடி' என்று சொல்வது நியாயமில்லை. சிறிய தோட்டத்துக்கு விதை பிடிக்காத குட்டை ரகம் கிடைத்தால் சரி, இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

சேமித்து வைக்கும் கூட்டம்

அடேனியம் என்ற பாலைவன ரோஜாவைக் கள்ளிபோல நடத்துவதுதான் பரவலான தவறு. பருத்த அடித்தண்டைப் பார்த்ததும் தண்ணீரே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சஹாராவுக்குத் தெற்கேயும் அரேபியத் தீபகற்பத்திலும் இயல்பாக வளரும் இந்தச் செடி, வெயில் காலத்தில்தான் வளர்கிறது. அப்போது மண் காய்ந்ததும் நிறைய ஊற்ற வேண்டும். குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், அப்போதுதான் நிறுத்த வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் அடித்தண்டு உள்ளே அழுகிவிடும். வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் தொட்டியில் வைத்து உள்ளே தூக்கும்படி இருப்பது நல்லது, உறைபனியைத் தாங்காது. தரையில் விட்டால் ஆளுயரம் வரக்கூடும். தொட்டிதான் அதைக் குட்டையாக வைக்கும். இன்னொன்று, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். நேர்வெயிலில் அதன் பக்கச்சுவர் சூடேறி வேர் வெந்துவிடும். வெளிர் நிறத் தொட்டியோ, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தொட்டிகளோ வைக்கலாம்.

யூபோர்பியா மிலி, முட்கள் நிறைந்த அந்தச் செடியும் மடகாஸ்கர்க்காரன்தான். உறைபனி இல்லாத இடத்தில் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும், பல ஆண்டுகள் நிலைக்கும், குச்சி நட்டாலே வரும். குட்டைக் கலப்பினங்கள் நிறைய உண்டு. குழந்தைகள் ஓடியாடும் பாதையோரத்தில் வேண்டாம் என்பதற்கு முள்ளும் பாலும் ஆக இரண்டு காரணங்கள். அடேனியத்தின் பாலும் நஞ்சுதான், ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவினார்கள்.

டேபிள் ரோஸ் கண்டிப்பாகச் சொன்னால் ஓராண்டுச் செடி. ஆனால் குளிர் தாக்காத இடத்தில் கிள்ளி நட்டுக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். விதிப்படி இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை, இருந்தாலும் ஓரத் தொட்டிக்கு இதைவிட எளிதானது எது?

ஏன் என்று கேட்காமல் தவிர்க்கலாமா?

கசானியா குளிர்காலத்தில் பளபளவென்று பூத்து ஆசை காட்டும். கோடையில் சூடான ஈரமண்ணில், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி அழுகி ஒவ்வொன்றாக விழும். லாவெண்டருக்கும் ஏறக்குறைய அதே கதை, அனல் இரவுகள் அதற்கு ஆகாது. இரவில் நன்கு குளிரும் மேட்டுநிலப் பாலைவனத்தில் இருப்பவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போகலாம், அங்கே இரண்டும் நன்றாகவே வரும். தாழ்நிலத்தில் சால்வியா கிரெகியைக் கிழக்கு பார்த்த இடத்தில் வைத்தால் பிழைக்கும், கோடையில் பூ எதிர்பார்க்கக் கூடாது.

தண்ணீர்தான் தீர்ப்புச் சொல்லும்

ஒரு பழக்கப்பட்ட ஏஞ்சலிடாவோ பிளாக்ஃபுட்டோ கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும். தொட்டியில் இருக்கும் நித்தியகல்யாணிக்கு அதே நாட்களில் தினமும் தேவைப்படலாம். இரண்டையும் ஒரே வால்வில் மாட்டினால் ஒன்று மூழ்கும் அல்லது மற்றது காயும். ஆகவே ஒரே ஒரு வால்வுதான் இருக்கிறது என்றால், ஒரே கூட்டத்திலிருந்து மட்டும் செடி வாங்குங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முழுக் கட்டுரையிலும் முக்கியமான வரி.

ஆழமாக என்றால் இந்த உயரச் செடிக்கு 30 சென்டிமீட்டர் ஆழம் மண் நனைய வேண்டும். ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள், நனைந்த மண்ணில் சுலபமாக இறங்கும், காய்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கும், தண்ணீரில் உள்ள உப்பும் வேர்ப் பகுதியிலேயே படியும். ஆழமாக விடும்போது உப்பு கீழே போய்விடுகிறது. இலை விளிம்பு பழுப்பாகக் கருகினால் வெயிலை மட்டும் சந்தேகிக்காமல் உப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

நடும் முன் 30 சென்டிமீட்டர் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அடியில் சுக்கான்பாறைத் தட்டு இருக்கிறது. அதை உடைக்க வேண்டும், முடியாவிட்டால் ஒரு சாண் உயரத்துக்கு மண் மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும். முதல் கூட்டத்துக்குத் தொழு உரம், ரசாயன உரம் எதுவும் கலக்க வேண்டாம். கொழுத்து வளர்ந்து, சாய்ந்து, சீக்கிரம் முடிந்துவிடும். மேலே சரளைக்கல் மூடாக்குப் போட்டால் கழுத்துப் பகுதி உலர்ந்திருக்கும், பெய்லியா விதையும் கல்லிடுக்கில் முளைக்கும். சரளைக்கு அடியில் களைத்துணி விரித்தால் அந்த முளைப்பும் போச்சு.

யாருக்கு எது

கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகிறவர் என்றால் ஏஞ்சலிடாவும் டாமியானிட்டாவும் போதும். தரை சுண்ணாம்பு, வடிகால் நல்லது என்றால் பிளாக்ஃபுட் டெய்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் மாலையில் கையில் குழாயோடு நிற்பதே சந்தோஷம் என்பவர் முதல் கூட்டத்தைத் தொடவே வேண்டாம், அன்பாலேயே அவற்றைக் கொன்றுவிடுவார். அவருக்குத் தொட்டியில் நித்தியகல்யாணியும் கிழக்குப் பக்கத்தில் குட்டை ரூயெல்லியாவும் பொருந்தும். உறைபனியே வராத மாடியும் முற்றமும் உள்ளவர் அடேனியத்தில் இறங்கலாம். ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு ஏஞ்சலிடாவுக்கு.

நடும் காலமும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். முதல் கூட்டத்தை இலையுதிர்காலத்தில் நட வேண்டும், குளிர்காலம் முழுக்க வேர் விட்டுக்கொண்டு கோடைக்குத் தயாராகும். நித்தியகல்யாணிக்குக் குளிர்ந்த மண் ஆகாது, வசந்தத்தின் பிற்பகுதியில் மண் சூடான பிறகு வைக்கலாம். அடேனியமும் அப்படித்தான். நர்சரியில் பூ நிறைந்த பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் பூவில்லாத சின்னத் தொட்டி இருந்தால், முதல் கூட்டத்தைப் பொறுத்தவரை சின்னதையே எடுங்கள். வேர் சுருண்டு இறுகாத இளஞ்செடிதான் புது மண்ணுக்குள் சீக்கிரம் இறங்கும். நட்ட முதல் கோடையில் மட்டும், எவ்வளவு வறட்சி தாங்கும் செடியானாலும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கொடுத்தாக வேண்டும். பென்ஸ்டிமோன் அந்த நேரத்தில் காய்ந்து செத்ததுபோலத் தெரிந்தால் பிடுங்காதீர்கள், கூடுதலாக ஊற்றவும் வேண்டாம். இரவுகள் குளிரத் தொடங்கிய பிறகும் அடியில் புது இலை வரவில்லை என்றால் மட்டும் எடுத்துவிடலாம்.